மாலை போட்ட டிராக்டர்

டிராக்டருக்கும் மூச்சு உண்டு என்று மெஹபூப் பாஷா சொன்னால் அவர் வேலை பார்க்கிற ஆற்றங்கரை கிளப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்! முகத்தில் இருக்கிற வலை வழியாகக் காற்றை இழுக்கிறது, அந்தக் காற்றுதான் ரேடியேட்டர் தண்ணீரை ஆற்றுகிறது, அதற்குப் பெயர் மூச்சு இல்லாமல் வேறென்ன? புல் வெட்டுகிற வண்டிக்கு இந்த மூச்சில்தான் கண்டம். வெட்டுப்பட்ட புல் தூளாகப் பறந்து வந்து வலையில் அப்பிக்கொள்ளும். அப்பினால் காற்று போகாது. காற்று போகாவிட்டால் தண்ணீர் கொதிக்கும். அப்புறம் இன்ஜினுக்குச் சங்கு ஊத வேண்டியதுதான்.

அந்த வருஷம் இரண்டு தடவை கொதித்துவிட்டது. உலக யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துக் கட்டிய சின்ன டிராக்டர் அது. பாஷாவும் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர்தான். இரண்டாவது தடவை ஆவி கிளம்பியபோது மேனேஜர் சுப்பராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை கொதிச்சதுன்னா வண்டியை வித்துடுவேன், பாஷா. பழையபடி மாட்டைக் கட்டி வெட்டிக்கறேன். நீயும் வேற எடம் பார்த்துக்கோ."

மாடு என்றால் சும்மா மாடு இல்லை. புல்தரையில் குளம்பு பதியக்கூடாது என்று நாலு காலிலும் தோல் பூட்ஸ் மாட்டிய மாடு. அந்த பூட்ஸுகள் இன்னும் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தன.

வேலை போனால் வேலையோடு போகாது, ஊரும் போகும். சுதந்திரம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மனைவியின் அண்ணன் ஹபீபுர் ரஹ்மான் கராச்சிக்குக் கப்பலேற மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "இங்கே உங்களுக்கு யார் இருக்கா? நீங்களும் வாங்க" என்று தினம் ஒரு பாட்டு. மனைவி ஹமீதுன்னிசா கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். "வேலை இருந்தா இருப்போம். இல்லேன்னா அண்ணன்கூடக் கெளம்பிடுவோம்." பாஷாவுக்கோ மயிலாப்பூர் கச்சேரி ரோட்டைத் தாண்டி வேறு ஊர் வேண்டாம். பர்மா எல்லை வரை போய் வந்த மனுஷனுக்கு அங்கே கனவில் வந்ததெல்லாம் வீடு இருக்கிற அந்த ரோட்டுச் சந்துதான்.

விஜயதசமியன்று காலை சைக்கிளில் வந்து இறங்கியவர் கொட்டகை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். முந்தின நாள் ஆயுத பூஜை. டிராக்டருக்குச் சந்தனம், குங்குமம், முகம் முழுக்கக் கை தடிமனில் மூன்று சுற்றுச் சாமந்தி மாலை. பூஜையில் அவரும் நின்று சுண்டல் வாங்கித் தின்றவர்தான். வேலைக்கு முன்னால் யாராவது மாலையைக் கழற்றிவிடுவார்கள் என்று நினைத்திருந்தார். யாரும் கழற்றவில்லை. பூஜை மாலை வாடித் தானாக விழ வேண்டும், அதுதான் அங்கே வழக்கம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மறுநாள் மைதானத்தில் விருந்து. பொழுது சாய்வதற்குள் வெட்டி முடிக்க வேண்டும்.

கழற்றக் கையை நீட்டினார். மடக்கிக்கொண்டார். சாமிக்குப் போட்ட மாலையை ஒரு பாய் பிய்த்துப் போட்டான் என்று ஒரே ஒரு வாய் சொன்னால் போதாதா? வடக்கே நடக்கிற கலவரத்தைப் பேப்பரில் படித்து ஊரே முகம் இருண்டு கிடக்கிற காலம். ஐயோ, வேண்டாமப்பா!

மாலையைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தார். ரேடியேட்டரில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றினார். ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தித் தொய்வு பார்த்தார். ஈரப்புல் அதிகம் ஒட்டும் என்று பனி காய்கிற வரை காத்திருந்தார். பிறகு கத்தியைக் கொஞ்சம் உயர்த்தி, முழு அகலம் எடுக்காமல் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு மெல்லப் போனார்.

மழையில் கொழுத்த புல். வெட்ட வெட்ட அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறி, கண்ணைச் செருக வைத்தது. வண்டிக்குப் பின்னால் வெட்டுக்கிளிகளைப் பொறுக்கிக்கொண்டு ஏழெட்டுக் கொக்குகள் நடந்து வந்தன. சுற்றுக்குச் சுற்று மைதானம் கரைந்து கரைந்து ஆற்றோடு கலந்துவிட்ட மாதிரி இருந்தது. பாஷா ஓட்டுவது டிராக்டரா, படகா என்று அவருக்கே தெரியவில்லை. கரையில் ஹமீதுன்னிசா மூட்டையோடு நிற்கிறாள். கூப்பிடுகிறாள். குரல் மட்டும் வரவில்லை. இவர் கையசைக்கிறார், படகு திரும்ப மாட்டேன் என்கிறது. வெயில் இமைக்குள் மஞ்சளாக இறங்கியது. சாமந்தியும் மஞ்சள், வெயிலும் மஞ்சள், எல்லாம் ஒன்றாகி மிதந்தது.

சூடு காட்டுகிற முள் அவர் கண்ணில் பட்டபோது சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல்தான் பாக்கி.

தூக்கிவாரிப் போட்டது. கத்தியை நிறுத்தி, வண்டியைத் தூங்குமூஞ்சி மரத்து நிழலுக்கு ஓட்டி, கடற்காற்று முகத்தில் படுகிற மாதிரி திருப்பி நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் உள்ளே தண்ணீர் ஓடாமல் நின்று அங்கேயே கொதித்துவிடும். மெதுவாக ஓடவிட்டுக் கீழே குதித்தார். மாலைக்குப் பின்னால் வலை முழுக்கப் புல்தூளும் சாமந்தி இதழும் அடையாக அப்பியிருந்தன. அப்போதும் மாலையைத் தொடவில்லை.

வண்டிக்குப் பின்னால் புல் வாரிக்கொண்டு வந்த கிளப் வேலைக்காரி தேவானை, வாருகோலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"இன்னா பாய், நின்னுட்ட?"

"சூடேறிப்போச்சுக்கா. மாலை காத்தை அடைச்சிக்கினு கீது."

"இப்பத்தான் தெரிஞ்சிதா?"

"காலைலயே தெரியும்."

"தெரிஞ்சிக்கினே ஓட்டினியா? கய்ட்டிப் போட வேண்டியதுதானே!"

பாஷா தரையைப் பார்த்தார். "நான் கை வெச்சா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கக்கா."

"எந்த நாலு பேரு? பேரச் சொல்லு பாப்போம்."

அவர் சீட்டுக்கு அடியிலிருந்து பிரஷ்ஷை எடுத்து மட்கார்டில் வைத்தார். தேவானைக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் கண்ணும் கலங்கியது.

"பூக்காரிகிட்ட சண்டை போட்டு அந்த மாலைய வாங்கியாந்தவ நான். மாட்டினவ நான். எங்களுக்கா பயந்த நீ? நேத்து கை நீட்டி சுண்டல் வாங்கித் துன்னியே, அதே கைதானே இது? நான் கய்ட்ட மாட்டேன். நீ கய்ட்டு."

முள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஆனது ஆகட்டும் என்று பாஷா மாலையைத் தூக்கினார். கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. கீழே போட மனம் வராமல் மரக்கிளையில் மாட்டினார். பிரஷ்ஷால் வலையைச் சுரண்டித் துடைத்தார். காற்று உள்ளே போகிற சத்தம் காதில் கேட்டது. முள் நடுங்கியது, நின்றது, பிறகு இறங்க ஆரம்பித்தது. "யா அல்லா" என்று மட்கார்டில் சாய்ந்துகொண்டார். தேவானை சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

அதற்குப் பிறகு இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை நிறுத்தி வலையைத் துடைத்தார். பொழுது சாய்வதற்குள் மைதானம் முடிந்தது.

சுப்பராமன் வந்தார். மைதானத்தைப் பார்க்கவில்லை, டிராக்டரைத்தான் பார்த்தார்.

"மாலையை யார் எடுத்தா?"

தேவானை வாயைத் திறந்தாள். அதற்குள் பாஷா சொல்லிவிட்டார்.

"நான்தான் எடுத்தேன் சார். வண்டிக்கு மூச்சு முட்டிச்சு."

மேனேஜர் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார். குனிந்து வலையைப் பார்த்தார்.

"கார்த்தாலேயே எடுத்திருக்க வேண்டாமோ, அசடு! இன்ஜின் போயிருந்தா?" என்றார். கிளம்பியவர் திரும்பிப் பார்த்து, "அடுத்த வருஷம் மாலையைச் சீட்டுக்குப் பின்னாடி போடச் சொல்லு. நீதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம்! பாலத்தின் மேல் சைக்கிளை மிதித்துப் போகும்போது பாஷா அந்த இரண்டு வார்த்தையையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

வீட்டில் ஹபீபுர் ரஹ்மான் காத்துக்கொண்டிருந்தார். "டிக்கெட் இன்னிக்குச் சொல்லியாகணும், மச்சான். எத்தனை பேர்?"

ஹமீதுன்னிசா அடுப்பை விட்டு எழுந்து வந்து கணவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்கு மட்டும் எடுங்க" என்றார் பாஷா. "எனக்கு அடுத்த வருஷம் இங்கே வேலை இருக்கு."