அண்ணி பேரில் இருபதாயிரம் வரிகள்

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை எங்கள் அலுவலகத்துக்கென்றே சொல்லி வைத்தார்கள் போல. நாங்கள் லிஃப்டுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். போன மாதம் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவு அவசரப்பட்டு மூடி, ஒரு பெரியவரின் விரல் நசுங்கியது. நான்கு நொடி காத்திருக்க வேண்டிய கதவு இரண்டு நொடியில் மூடியிருக்கிறது. அந்த ‘இரண்டு’ இருந்த வரியை எழுதியது யார் என்று தேடினால், என் அண்ணன் மனைவியின் பேர் வந்தது.

அண்ணியும் நானும் ஒரே அறையில்தான் வேலை செய்கிறோம். அந்த வரியை அவர் எழுதவில்லை, நகலெடுத்தார், அவ்வளவுதான். போன வருடம் ஐந்து ரெப்போக்களில், அதாவது நிரலைச் சேமித்து வைக்கும் கிடங்குகளில், சிதறிக் கிடந்த நிரலை ஒன்றாக்கச் சொன்ன மேனேஜர், “காப்பி பண்ணி ஒட்டும்மா, வரலாறு யாருக்கு வேணும்?” என்றார். ஒவ்வொரு வரியையும் யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று ரெப்போ நினைவு வைத்திருக்கும். வெறுமனே ஒட்டினால் ஒட்டியவர் பேர்தான் நிற்கும். அண்ணி பேரில் இருபதாயிரம் வரிகள் நின்றன. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. அத்தோடு அண்ணிக்கு வேலை போய்விடும் என்று பேச்சு.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. புதன்கிழமை காலையே மேனேஜரிடம் போனேன்.

“பழைய ரெப்போ அஞ்சையும் வரலாறோட மறுபடி சேர்க்கப் போறேன் சார். அந்த வரியை நிஜமா எழுதினது யாருன்னு தெரியட்டும்.”

“ரெண்டு நாள்ல எப்படிம்மா முடியும்?”

“முடியலன்னா அப்புறம் பேசிக்கலாம்.”

ஒவ்வொரு ரெப்போவுக்கும் ஒரு தனிக் கோப்புறை. அதில் நடந்த மாற்றங்களின் பதிவுகள் எல்லாம் முதல் நாளிலிருந்தே அந்தக் கோப்புறைக்குள் நடந்தது போல மாற்றி, பிறகு இணைக்க வேண்டும். நான்கு ஒழுங்காக வந்தன. ஐந்தாவது அடம்பிடித்தது. கதவுக் கோப்புக்கு நடுவில் யாரோ பேர் மாற்றியிருந்தார்கள். நான் புதுப் பேரை மட்டும் சொல்லி எடுத்ததால் வரலாறு பாதியில் அறுந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, பழைய பேரையும் சேர்த்து முதலிலிருந்து செய்தேன். விட்டேனா பார் என்று உட்கார்ந்ததில் இரண்டு நாளும் மதியச் சாப்பாடு பையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்த வரியின் பூர்வீகம் திறந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி, அதனடியில் ஒரு குறிப்பு. “வாடிக்கையாளர் அவசரப்படுகிறார். தற்காலிகமாக 2.” எழுதியவர் பேர் என்னுடையது.

தற்காலிகமாம். நுணலும் தன் வாயால் கெடும். எழுதியது துளிகூட ஞாபகம் இல்லை. அந்தப் பெரியவரின் விரலுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். பயந்தேன், மறைப்பானேன்.

பின்னால் நின்று பார்த்த மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “அந்த ஒரு பதிவை மட்டும் வெட்டிடேன். யாருக்குத் தெரியப் போகுது?”

“வெட்டினா மறுபடி அண்ணி தலையிலதான் விடியும் சார்.”

ஒன்றையும் வெட்டாமல் அப்படியே அலுவலக ரெப்போவில் ஏற்றினேன். பிறகு அண்ணியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

“நீயாடி?”

“நான்தான் அண்ணி.”

 அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மூணு மணிக்கு நானும் உள்ள வர்றேன்,” என்றார். “தனியா போகாத.”