திரும்பி இறங்கிய வெளிச்சம்

வெளி விளக்குகளுக்கான புது விதி அமலுக்கு வந்த இரண்டாவது வாரம், அந்த நகரம் இத்தனை வருஷமாக வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த வெளிச்சம் கீழே இறங்கத் தொடங்கியது. முதலில் அது, மரச்சாமான் கடை நடத்தும் சோபாக்காரர் வீட்டின் மேல் இறங்கியது. அன்று செவ்வாய்க்கிழமை. பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தெருவில் மற்ற வீடுகள் எப்போதும் போல இருட்டிக்கொண்டிருந்தன.

விதியை எழுதியவர் சோபாக்காரரின் தங்கை. மாநகராட்சித் தெருவிளக்குப் பிரிவில் பொறியாளர். ஒவ்வொரு விளக்கின் தலையிலும் மூடி இருக்க வேண்டும், வெளிச்சம் தரையைப் பார்த்துத்தான் விழ வேண்டும், கடை சாத்திய பிறகு பெயர்ப்பலகை எரியக் கூடாது, ஒருவர் இடத்து வெளிச்சம் அடுத்தவர் ஜன்னலுக்குள் நுழையக் கூடாது என்பவை அதன் சாரம். அதனால் ஊர் அவருக்கு மூடியம்மா என்று பெயர் வைத்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. விதிக்குக் காரணங்கள் இருந்தன. வங்கிக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் மோதிச் செத்த பறவைகளைத் துப்புரவுப் பணியாளர்கள் காலையில் கூடையில் அள்ளுவது வழக்கமாகிவிட்டிருந்தது. விளக்குக் கம்பத்தை ஒட்டிய மரக்கிளைகள் இலையுதிர்ப்பதை மறந்திருந்தன. இரவு வானத்தை வரையச் சொன்னால் பள்ளிப் பிள்ளைகள் ஆரஞ்சு வண்ணத்தைத்தான் எடுத்தார்கள்.

இதில் பெரிய பங்கு அண்ணனுடையது. நான்கு மாடி மரச்சாமான் கடையின் மொட்டைமாடியில், இளவயதில் கடை திறந்தபோதே அவர் ஒரு சுழல்விளக்கை நிறுத்தியிருந்தார். வெள்ளையும் நீலமும் கலந்த அதன் ஒளிக்கற்றை வானத்தைத் துடைத்துக்கொண்டே சுற்றும். அடுத்த ஊரில் இருப்பவர்கள்கூட அதைப் பார்த்துத்தான் கட்டில் வாங்க வந்தார்கள். விதி வருகிறது என்று தெரிந்ததும் அவர் தங்கையின் அலுவலகத்துக்கே போய்ச் சத்தம் போட்டார்.

“ஊர்ல ஆயிரம் கடை இருக்கு. உன் கண்ண என் கடை லைட்டுதான் குத்துதா?”

“அண்ணா, ராத்திரி வெளிய வந்து பாரு. ஒரு நட்சத்திரம் இருக்கா?”

“நட்சத்திரம் வந்து சோபா வாங்குமா?”

அவர் தானாக அணைக்கவில்லை. தங்கையே மொட்டைமாடி ஏறி, மின்கம்பியைத் துண்டித்து, முத்திரை வைத்துவிட்டு இறங்கினார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்த முதல் வாரத்தில் நட்சத்திரங்கள் வந்தன. தலைக்கு மேல் என்னவோ புள்ளி புள்ளியாக இருக்கிறது என்று சிலர் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். காவலர்களும் வெளியே வந்து பார்த்துவிட்டு, ஆமாம், இருக்கிறது என்றார்கள்.

பிறகு வெளிச்சம் இறங்கியது. அது மின்னல் போல விழவில்லை, சல்லடையில் சலித்த மாவு போல நிதானமாக வந்தது. அதே வெள்ளை நீலம். வந்த பிறகும் அது சுற்றுவதை விடவில்லை. வீட்டின் ஒவ்வொரு அறையையும் வரிசையாகத் துடைத்துக்கொண்டு போய், மறுபடி முதல் அறைக்கு வந்தது. காங்கிரீட் கூரை அதற்கு ஒரு தடையே இல்லை. சோபாக்காரர் தகரம் போட்டார், தார்ப்பாய் கட்டினார், கறுப்புத் துணியை மூன்றடுக்காகத் தைத்து வீட்டையே போர்த்தினார். கண்ணை மூடினால் இமைக்கு உள்ளேயும் அது சுற்றியது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வந்து, போன ஒளி திரும்பி வருவதற்கு அறிவியலில் இடமே இல்லை என்று சோபாக்காரர் வீட்டு வாசலில் நின்று விளக்கினார். விளக்கி முடிக்கும்வரை நெற்றியில் கையை வைத்துக் கண்ணுக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தார்.

சோபாக்காரரும் மனைவியும் சமாளித்தார்கள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஆறு வயது மகளால்தான் முடியவில்லை. அவள் அழவில்லை. தூங்குவதை மட்டும் நிறுத்திவிட்டாள். கட்டிலில் மல்லாந்து படுத்து, கூரையில் வெளிச்சம் வந்து போவதைப் பார்த்தபடியே விடியவைத்தாள். மருத்துவர் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவள் முடியின் நுனி பழுப்பேறியது, உதடு வெளுத்தது. ஒருநாள் பால் டம்ளரைப் பிடித்திருந்த அவள் விரல்களுக்குள் எலும்புகள் நிழல் நிழலாகத் தெரிவதை அம்மா பார்த்தாள். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, அந்தக் கையைத் தன் முந்தானைக்குள் வெகுநேரம் பொத்தி வைத்திருந்தாள்.

அதே சமயத்தில் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற காசாளர் மாநகராட்சியில் புகார் கொடுத்தார். அவருடைய படுக்கையறைக்குள் வெளிச்சம் வருகிறது, விதிப்படி அது குற்றம் என்றார். புகார் மூடியம்மாவின் மேசைக்குத்தான் வந்தது. அவர் ஒளிமானியை எடுத்துக்கொண்டு போய்க் காசாளரின் படுக்கையறையில் அளந்தார். முள் கடைசிக்குப் போய் நின்றது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று அவருடைய விதி கேட்கவில்லை, யாருடைய இடத்திலிருந்து போகிறது என்று மட்டுமே கேட்டது. பலமுறை யோசித்துத்தான் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“கடை லைட்ட அணைச்ச, சரி. இதுக்கு சுவிட்ச் எங்க இருக்கு? நீயே கண்டுபிடிச்சு அணை,” என்றார் அண்ணன். குரலில் கோபம் இருந்த இடத்தில் களைப்புதான் இருந்தது.

தங்கை உள்ளே எட்டிப் பார்த்தார். குழந்தை தரையில் உட்கார்ந்து, தன் உள்ளங்கையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அதன் வழியே அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் வீட்டுக்கு வந்துடுங்க,” என்றார் மூடியம்மா. “இப்பவே.”

அதற்கு முன்பே ஒரு விடுதிக்குப் போய்ப் பார்த்திருந்தார்கள். வெளிச்சம் கூடவே வந்ததால், விடுதி மேலாளர் கைகூப்பி வெளியே அனுப்பிவிட்டார். தங்கையின் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. அந்தி மங்கியதும் அது வந்து, புது வீட்டின் அறைகளை ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டது. மூடியம்மா தட்டுகளை எடுத்து வைத்தார். ரொட்டி குறைவாக இருந்ததால் சோபாக்காரர் கடைக்குப் போனார். வெளிச்சம் வந்த நாளிலிருந்து, பொழுது சாய்ந்தபின் அவர் தனியாக வெளியே போனது அதுவே முதல் தடவை.

அவர் தெருமுனை திரும்பியதும் வீடு இருண்டது. குழந்தை வாயில் வைத்த கவளத்தோடு அப்படியே சாய்ந்தாள். இரண்டு பெண்களும் பயந்துபோய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்கள். மூச்சு சீராக வந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சோபாக்காரர் ரொட்டியோடு திரும்பும்போது வீடு இருட்டாக இருப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்தார். சந்தோஷத்தில் வேகமாக நடந்தார். வாசலை நெருங்க நெருங்கச் சுவர்கள் வெளுத்தன, உள்ளே குழந்தை வீரிட்டாள். நின்றார். பின்னால் நடந்தார். வீடு இருண்டது, அழுகை அடங்கியது. இன்னொரு முறை வந்து பார்த்தார். இன்னொரு முறை போய்ப் பார்த்தார். அப்புறம் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். ரொட்டிப் பொட்டலம் கையிலேயே இருந்தது. வெளிச்சம் அவர் தலைமேல் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

தங்கை வெளியே வந்து அந்த வட்டத்துக்குள் அவர் பக்கத்தில் நின்றார்.

“தூங்கிட்டாளா?”

“தூங்கிட்டா.”

“நல்லா தூங்கறாளா? சும்மா கண்ண மூடிட்டுப் படுத்திருப்பா, பாரு.”

“குறட்டை விடறா அண்ணா.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். “எவ்வளவு நாளைக்கு வரும் இது? நீ படிச்சவ, சொல்லு.”

மூடியம்மா அதை ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தார். இத்தனை வருஷம் மேலே போனது அத்தனையும் இறங்கித் தீர வேண்டும். சொல்ல மனம் வரவில்லை. “வெளியில பனி விழுது. தலையில துண்டு போட்டுக்கோ,” என்றார். அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தார்.

நகர எல்லைக்கு வெளியே, கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி இருந்தது. சுற்றிலும் செங்குத்தான பாறை, பக்கத்தில் வீடு கிடையாது, ஜன்னல் கிடையாது. சோபாக்காரர் அங்கே ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். பகல் முழுக்கக் கடையில் இருப்பார், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவார், பொழுது சாயும் முன் குவாரிக்குப் போய்விடுவார். தங்கை விதியில் ஒரு பிரிவைச் சேர்த்துக் குவாரிக்கு மட்டும் விலக்கு வாங்கிக் கொடுத்தார். குழந்தைக்கு உதடு சிவந்தது, கை மறுபடி கையானது. அப்பாவின் கைதான் மெலிந்துகொண்டே போனது. அவர் மெத்தையைத் தடவிக் காட்டும்போது, துணியின் பூ வேலைப்பாடு அவர் உள்ளங்கை வழியாகத் தெரிந்தது. வாடிக்கையாளர்கள் அதையும் சேர்த்துப் பார்த்துத் துணி தேர்ந்தெடுத்தார்கள். மகள் வளர்ந்து கல்லூரி முடித்து, கடையில் அவர் பக்கத்தில் உட்கார ஆரம்பித்த காலத்தில், அவர் வந்துவிட்டதை அவருடைய செருப்புச் சத்தத்தை வைத்தே அவள் தெரிந்துகொண்டாள். நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அவர் குவாரிக்குப் போன மறுவருஷமே திரையரங்கு முதலாளி மேல் வெளிச்சம் இறங்கியது. அவருடையது சிவப்பும் பச்சையுமாக மினுக்கியது. பிறகு விளையாட்டு மைதானத்து ஒப்பந்ததாரர், அப்புறம் பெட்ரோல் நிலையக்காரர், அப்புறம் கண்ணாடி வங்கியின் மேலாளர். எல்லாரும் கொட்டகை போட்டார்கள். பெரியவர்கள் முடிந்து சின்னவர்கள் முறை வந்தது. வாசலில் ஒரே ஒரு குண்டு பல்பை விடிய விடிய எரியவிட்டவர்களுக்கும் அது வந்தது, மஞ்சளாக, சில வாரங்களுக்கு. பேராசிரியருக்கு வந்தது. ஓய்வுபெற்ற காசாளருக்கும் வந்தது. யாரும் புகார் கொடுக்கவில்லை. குவாரியின் மேலே விளிம்பில் நின்று பார்த்தால், உள்ளே ஒவ்வொருவரும் அவரவர் வெளிச்சத்தில் தனித்தனியாக உட்கார்ந்திருப்பது தெரியும். ஒன்றோடொன்று கலக்காத வெளிச்சங்கள். நகரமோ கும்மிருட்டாக, வானம் நிறைய நட்சத்திரங்களோடு, பறவைகள் வழி தவறாமல் கடந்து போகும் நகரமாகிவிட்டது.

போக்குவரத்துக் கழகம் குவாரிக்கு ஒரு மாலைப் பேருந்து விட்டிருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் தெருவில் எல்லாரும் ஒரு தடவை நிமிர்ந்து தங்கள் கூரையைப் பார்த்துக்கொள்கிறார்கள். யாருடையது வெளுக்கத் தொடங்குகிறதோ அவர் யாரும் சொல்லாமலே ஒரு போர்வையையும் மாற்றுத் துணியையும் பையில் எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, நிறுத்தத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறார். முன்னால் நிற்பவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறார். பேருந்து பெரும்பாலும் நேரத்துக்கு வந்துவிடும்.