வெறும் படலம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, தங்கையினுடையது. இன்று மதியம் போனில் சொன்னாள். "எழுதிடாத அண்ணா" என்றும் சொன்னாள். போனை வைத்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். நல்ல அண்ணன்தான்.

தொடக்கம் ஒன்று: ஆய்வகத்தின் சன்னல் வழியே இளவெயில் அவள் கன்னத்தில்—

(வேண்டாம். அந்த ஆய்வகத்தில் சன்னலே இல்லை.)

தொடக்கம் இரண்டு: மூன்று ஆண்டுகளாக அவள் படலம் செய்துகொண்டிருந்தாள். பாலிமர் தூளைச் சுடுநீரில் கரைத்து, ஆறவிட்டு, நொதியைக் கலப்பாள். ஆறும் முன்னே கலந்தால் நொதி செத்துவிடும். சென்சார் நுனியில் ஒரு சொட்டு வைத்து ஒரு முழு நாள் காயவிட்டால் மெல்லிய தோல் ஒன்று படியும். அதைச் சர்க்கரைக் கரைசலில் முக்கினால் நொதி வேலையைத் தொடங்கும், திரையில் கோடு ஏறும்.

இது இருக்கட்டும்.

2

வீட்டில் அவளுக்குக் கறார் என்று பெயர். சின்ன வயதில் மிட்டாயைக்கூட அளவுகோல் வைத்துத்தான் பங்கு போடுவாள். அவள் தப்புச் செய்தாள் என்றால் யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஆனால் செய்தாள். ஒவ்வொரு முறையும் நொதி போடாத வெறும் படலம் ஒன்றையும் சோதிக்க வேண்டும். அது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால்தான் மற்றதில் கோட்டை ஏற்றியது நொதி என்று அர்த்தம். முதல் மாதம் ஒரே ஒரு தடவை பார்த்தாள், கிடந்தது. அன்று வந்த தட்டைக் கோட்டையே மூன்று வருட வரைபடங்களிலும் ஒட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் பாலிமர் டப்பா இரண்டு முறை மாறியது. கோடு மாறவில்லை.

நாளைக் காலை அவளுக்கு முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் கேட்டால் காட்டலாமே என்று நேற்றுப் புதிதாக ஒரு வெறும் படலம் வார்த்து வைத்தாள்.

3

(எல்லாச் சோதனைக்கும் ஒரு வெறும் படலம் வேண்டுமே. இந்தக் கதைக்கு இந்தப் பகுதிதான் அது. இதில் என் சரக்கு எதுவும் இல்லை, அவள் சொன்னது மட்டும்.)

காலை பதினொரு மணிக்கு வெறும் படலத்தைச் சர்க்கரைக் கரைசலில் முக்கினாள். கோடு ஏறியது. கழுவி மறுபடி முக்கினாள். மறுபடியும் ஏறியது. கை நடுங்கியது. நோட்டைத் திறந்தாள், எதுவும் எழுதவில்லை. படலத்தைக் கண்ணாடித் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

4

முடிவு ஒன்று: பேராசிரியரிடம் போய்ச் சொல்கிறாள். தேர்வு தள்ளிப்போகிறது. பட்டம் போனாலும் போகலாம்.

முடிவு இரண்டு: பூசி மெழுகுகிறாள். டாக்டர் ஆகிறாள். நாங்கள் எல்லோரும் கைதட்டுகிறோம், நான் மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல்.

முடிவு மூன்று: கலக்கிய குச்சியில் பழைய நொதி ஒட்டியிருந்திருக்கிறது, வேறொன்றுமில்லை, அவளும்—

(என் கோழைத்தனம் இது. அப்படியே இருந்தாலும் அதை அவளல்லவா சோதித்துச் சொல்ல வேண்டும்.)

படிப்பவர் யாராவது அவளை அடையாளம் கண்டுகொண்டால் காட்டிக்கொடுத்தவன் நான். அதனால் இதுவரை எழுதியதை அவளுக்கே அனுப்பினேன். மூன்றே முக்காலுக்குக் கூப்பிட்டாள்.

5

"மூணாவது பகுதி நான் சொன்னது மட்டும்னு போட்டிருக்க."

"ஆமா."

"கை நடுங்குச்சுன்னு நான் சொல்லலையே."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "நடுங்கியிருக்கும்னு நெனச்சேன்."

"நடுங்கவே இல்ல அண்ணா. அதான் பயமா இருக்கு. தட்டுலயும் வைக்கல. நிதானமா எடுத்துக் குப்பைக்கூடையில போட்டேன். உன்கிட்டதான் தட்டுல வச்சேன்னு சொன்னேன்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"கூடைய எப்ப எடுப்பாங்க?"

"நாலு மணிக்குக் கூட்டுற அம்மா வருவாங்க."

"வேற ஒண்ணு செஞ்சுக்க முடியாதா?"

"காயவே ஒரு நாள் ஆகும்."

"சரி, நான் அந்த வரிய எடுத்துடறேன்."

"எடுக்காத. நோட்டுல அழிக்கக் கூடாது. தப்புன்னு பக்கத்துல எழுதி வைக்கணும்."

(எழுதிவிட்டேன்: மூன்றாம் பகுதியில் "கை நடுங்கியது" என்பது என் பொய்.)

"நீ?" என்று கேட்டேன்.

போனை மேசைமேல் வைக்கும் சத்தம், பிறகு நாற்காலி நகரும் சத்தம். கூடை மேசைக்கு அடியில் இருக்கிறது, வெளியே போகும் கதவு எதிரே. இங்கே மணி மூன்று ஐம்பது.

நான்கு மணியை நான் எழுத மாட்டேன். எழுதினால் அவள் கையை மறுபடியும் நடுங்க வைத்துவிடுவேன். நீங்கள் எழுதுங்கள்.