ஆறாவது பேர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு தேநீர்க் கோப்பையிலிருந்து வந்தது. என் கற்பனை என்று பீற்றிக்கொள்ள ஆசைதான், முடியாது.

இலங்கையில், லிந்துலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவில் ஆறு நாள் கணித மாநாடு. எண் கோட்பாடு, இயற்கணித வளைவரைகள். ஐவர் கொண்ட குழுவுக்கு ஒரு கணக்கு. தீர்த்தால் கட்டுரையில் ஐவர் பெயரும் வரும். பெயர்ப் பதிவு என் வேலை.

முதல் தொடக்கம்: மூடுபனி பங்களாவை விழுங்கிய காலையில்...

சீ! எந்த மலைநாட்டுக் கதைதான் மூடுபனியில் தொடங்கவில்லை?

இரண்டாம் தொடக்கம்: காளி

(இது இங்கேயே நின்றுவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

2

பூரணியை வாசகர் நம்புவாரா என்று எனக்குச் சந்தேகம். தொழிலாளர் லயத்தில் பிறந்தவள், அம்மா கொழுந்து பறித்த அதே மலைக்கு ஆய்வாளராகத் திரும்பி வருகிறாள். நானாகப் புனைந்திருந்தால் இவ்வளவு பொருத்தம் வைத்திருக்க மாட்டேன்.

இரண்டாம் நாள் காலை, சமையல்கார மாயாண்டி அண்ணன் அவள் குழுவின் மேசையில் ஆறு கோப்பை வைத்தார்.

"அஞ்சு பேருதானே அண்ணே?" என்றாள் பூரணி.

"ஆறு பேருங்க மிஸ். எண்ணிட்டுத்தான் ஊத்துனேன்."

மூன்றாம் நாளும் ஆறு. ஆறும் குடித்துக் காலியாகவே திரும்பின.

அவர்கள் கணக்கு, ஒரு வளைவரையில் எத்தனை புள்ளிகள் என்று எண்ணுவது. விடையில் எப்போதும் ஒன்று குறைந்தது. நான்காம் நாள் காலை நான் அறைப் பூட்டைத் திறந்தேன். கரும்பலகையில், கணக்குக்குக் கீழே, +1. அதற்கும் கீழே கோணலாக: காளி.

(சாவி என்னிடம் மட்டுமே இருந்தது. எனக்குக் கணக்கு வராது. சத்தியமாக நான் இல்லை.)

பூரணி பலகையைப் பார்த்தாள். பிறகு தாளில் போட்டுக் காட்டினாள். முடிவிலியில் ஒரே புள்ளி என்று எல்லோரும் எடுத்திருந்தார்கள். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருந்தன. கணக்கு சரியாகிவிட்டது.

"எங்கம்மா பேரு காளியாயிங்கக்கா," என்றாள். "அதுக்குக் கையெழுத்து மட்டுந்தான் போடத் தெரியும். இப்புடித்தான் கோணலாப் போடும்."

அம்மா செத்துப் பதினான்கு வருடம்.

3

தோட்டத்தில் 'பேர்' என்றால் பெயர் மட்டுமல்ல, ஒரு நாள் வேலையும் அதுதான். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்து நின்று, மாலை வரை பறித்தால் ஒரு பேர். பாதியில் போனால் அரைப்பேர். காளியாயி பிற்பகல் மூன்று மணிக்கு, மண்மேடு சரிந்து, கூடையோடு போனாள். அன்றைக்கு அவளுக்கு விழுந்தது அரைப்பேர்.

"செத்தது விதின்னு வைங்கக்கா. அரைப்பேருன்னு எழுத எப்புடி மனசு வந்துச்சு?"

நான் பெயர்ப் பட்டியலை எடுத்துப் புரட்டினேன்.

(எழுதியவர் அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. என் அப்பா. இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.)

4

கடைசி நாள். நான்கு மணிக்குள் கட்டுரை போயாக வேண்டும். பூரணி ஆறாவது பெயர் கேட்டாள்.

"செத்தவங்க பேரப் போட்டா ஊரே சிரிக்கும்மா," என்றார் குழுத் தலைவர் யோகேஸ்வரன்.

"அப்ப என் பேரையும் எடுத்துருங்க சேர்."

"பைத்தியமா? இவ்வளவு படிச்சதே இந்தப் பேருக்குத்தானே?"

"ஆமாங்க சேர். அதுக்குத்தான் கேக்குறேன்."

அவர் பலகையைப் பார்த்தார். ஆறாவது கோப்பையைப் பார்த்தார். "பட்டியல் உங்க கையில, மிஸ்," என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

முடிவு அ: ஆறு பெயரும் தட்டச்சில் அடிக்கிறேன். கட்டுரை திரும்பி வருகிறது. பூரணிக்கு இருந்த ஒரே வாய்ப்பும் போகிறது.

முடிவு ஆ: பூரணியைச் சேர்த்து ஐந்து பெயர் மட்டும் அடித்து, அவளிடம் சொல்லாமல் அனுப்புகிறேன். கட்டுரை ஏற்கப்படுகிறது. மறுநாள் காலை மாயாண்டி அண்ணன் என் மேசையில் இரண்டு கோப்பை வைக்கிறார்.

5

மூன்று ஐம்பதுக்குத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். ஐந்து பெயரும் ஒழுங்காக விழுந்தன. ஆறாவதில், நான்கு எழுத்தில் இரண்டு வந்ததும் விரல் நின்றுவிட்டது. அழுத்துகிறேன், விழவில்லை. பக்கத்தில் ஈரக் கொழுந்து வாசம். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கணக்கப்பிள்ளை மகள்; என் கையில் அரைதான் விழும் போலிருக்கிறது.

உங்கள் கையில் விழலாம். பேனா இருக்கிறதா? மிச்ச எழுத்து உங்களுக்குத் தெரியும். எழுதுவதும் அடிப்பதும் உங்கள் பாடு.

6. காளி