ஹார்மோனைத் தொடாத மருந்து

எனக்கு முப்பத்தைந்து வயதிலேயே முன்மண்டை வெறிச்சோடிவிட்டது. அதைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. மிஞ்சிப்போனால் குருவிட்ட பஜார் ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் பயல்கள் வெயில் நேரத்தில் என்னைப் பார்த்துக் கண் கூசுவதுபோல நடிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த ஹயருக்கு என் ஆட்டோவைக் கிளப்பிவிடுவேன். ஆனால் என் மனைவி தனுஜாவின் உச்சந்தலையில் முடி கொட்டியபோது அது குடும்ப விசாரணையாகிவிட்டது. ஆம்பளை மண்டைக்கு ஒரு நியாயம், பொம்பளை மண்டைக்கு ஒரு நியாயம்.

எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. இருவரும் எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டோம். இருவரிடமும் குறை இல்லை, பொறுத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பொறுமை என் அம்மாவுக்குத்தான் இல்லை. அம்மாவின் பெயர் பவளக்கொடி. இதே தோட்டத்தில் கொழுந்து பறித்து, நாலு பிள்ளை பெற்று, ஓய்வு பெற்றவள். தனுஜாவும் இங்கேதான் கொழுந்துக்குப் போகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனுஜா குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது அம்மா அந்த வழுக்கையைப் பார்த்துவிட்டாள்.

"ஒடம்பு பூரா சூடு. அதான் முடியும் நிக்கல, புள்ளையும் நிக்கல" என்றாள்.

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தேங்காய் துருவப் போய்விட்டாள். மலைக்குப் போகும்போது மட்டும் கட்டும் தலைத்துணியை தனுஜா அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் கட்ட ஆரம்பித்தாள். அழகுக்காக முடியை நினைத்துக் கவலைப்படுகிற ஆள் இல்லை அவள். அந்த இடத்தில் முடி முளைத்தால் தன் உடம்பில் கோளாறு இல்லை என்று அம்மாவுக்குக் காட்டலாம். தனக்கே காட்டிக்கொள்ளலாம். அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

"எந்த மருந்தா இருந்தாலும் பரவால்லங்க. ஹார்மோன மட்டும் தொடக்கூடாது" என்றாள் என்னிடம். முடிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஹார்மோனை மாற்றும் என்று போனில் யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறாள். பிள்ளைக்காகக் காத்திருக்கும் உடம்பில் அதைப் போட்டு இருப்பதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவள் பயம். அதில் நியாயம் இருந்தது. பஜாரில் மருந்துக் கடை வைத்திருக்கும் அப்துல் ரஸாக் நானாவும் அதையேதான் சொன்னார்.

"தம்பி, பிள்ளைக்குப் பார்த்துக்கிட்டு இருக்கிற நேரத்துல கண்டதையும் வாங்கிக் குடுக்காதீங்க. மொதல்ல தோல் டொக்டர்ட்ட காட்டுங்க."

டாக்டரிடம் போனால் அங்கேயும் உடம்புச் சூடு என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தனுஜா தள்ளிப்போட்டாள். அதற்குப் பதிலாகச் சின்ன வெங்காயச் சாறு வந்தது. சாயங்காலம் தலையில் தேய்த்து ஊறவைத்து, விடியக் கழுவுவாள். வீடு நாறியது, தலையணை நாறியது, அவளை பஜாருக்கு ஏற்றிப்போன பிறகு என் ஆட்டோவும் நாறியது. ஒரு சிங்கள அம்மா ஏறி உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்து, "மல்லி, லூணு கெனியனவத?" என்று கேட்டார். தம்பி, வெங்காயமா கொண்டுபோகிறாய் என்று. ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

வெங்காயத்துக்குப் பிறகு போன் விளம்பரத்தில் பார்த்த ரோஸ்மேரி எண்ணெய். அதற்கும் அசையவில்லை என்றதும் முள் முள்ளாக ஊசி வைத்த ஓர் உருளை. அதைத் தலையில் உருட்டினால் வேர் விழித்துக்கொள்ளுமாம். ரத்தம் வழிய அவள் கண்ணாடி முன்னால் நிற்பதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. உருளையைப் பிடுங்கிக் சாக்கடைக் கானுக்குள் எறிந்துவிட்டு, அடுத்த கிளினிக் நாளில் அவளை இழுத்துக்கொண்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சிங்கள டாக்டர், சின்ன வயதுப் பெண். தலைத்துணியை அவிழ்க்கச் சொன்னார். ஹார்மோன் மருந்து மட்டும் வேண்டாம் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. தனுஜாவின் முடியைப் பகுத்துப் பகுத்துப் பார்த்தார். நெற்றி ஓரத்தில் முடி இருந்தது, பின்னந்தலையிலும் அடர்த்தியாக இருந்தது. உச்சியில் மட்டும் குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை காலியாகக் கிடந்தது.

"ஒளுவென் மொனவத உஸ்ஸன்னே?" என்று கேட்டார். தலையால் என்ன சுமக்கிறாய் என்று.

தனுஜா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கொழுந்துக் கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டுத்தான் எங்கள் தோட்டத்துப் பெண்கள் மலை ஏறுவார்கள். கூடை நிறைய நிறையக் கயிறு தலையில் அழுந்தும். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அதையும் இதையும் முடிச்சுப் போட எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

"மேக்க ஹோமோன் நெவெயி" என்றார் டாக்டர். இது ஹார்மோன் இல்லை. நாள் முழுக்க ஒரே இடத்தை இழுத்தால் வேர் எப்படிப் பிடித்திருக்கும் என்று கேட்டார். பூனைமுடி இன்னும் இருப்பதால் கயிறு படாமல் இருந்தால் மெல்ல வளரக்கூடும், ஆனால் தோல் வழவழப்பாகிவிட்டால் வராது என்றார். இப்போதைக்கு மருந்தே வேண்டாம், ஊசி உருளை வேண்டவே வேண்டாம். விடிய விடிய வெங்காயம் ஊறவைத்து, விடிந்ததும் அதே இடத்தில் கயிற்றை மாட்டியிருக்கிறாள் இவள்.

வரும் வழியில் சீட் தைக்கும் கடையில் தடித்த ரெக்சின் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் கூடைக் கயிற்றை அறுத்துவிட்டு, தோளில் மாட்டுகிற மாதிரி இரண்டு பட்டி வைத்துக் கட்ட உட்கார்ந்தேன். அம்மா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"போடா. பள்ளிக்கூடப் புள்ள மாதிரி மாட்டிக்கிட்டுப் போனா மலையே சிரிக்கும். நாப்பது வருசம் நான் தலையிலதான் போட்டேன். எனக்கு என்ன கொறஞ்சி போச்சு?"

தனுஜா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"மாமி, ஒங்க கொண்டைய அவுத்துக் காட்டுங்க."

"என்னடி இது புதுப் பழக்கம்?"

"ஒரே ஒரு தடவ காட்டுங்க மாமி."

அம்மாவிடம் அவள் இப்படி விடாப்பிடியாக நின்று நான் பார்த்ததில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் ரெக்சினைப் பார்த்தேன். முணுமுணுத்துக்கொண்டே அம்மா கொண்டையை அவிழ்த்தாள். நெற்றி முடியை நீளமாக வாரிப் பின்னால் கொண்டுபோய்ச் சொருகியிருந்தாள். அது சரிந்ததும் உச்சியில் அதே இடம், அதே அகலம், உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது.

"இது வேற" என்றாள் அம்மா அவசரமாக. "இது புள்ள பெத்துப் போனது. நாலு பெத்தவளுக்கு முடி நிக்குமா?"

"நாலு பெத்ததால ஒங்களுக்குப் போச்சு. ஒண்ணும் பெக்காததால எனக்குப் போச்சு. அப்புடியா மாமி?"

தனுஜா தன் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு அம்மாவின் காலடியில் குனிந்து உட்கார்ந்தாள். அம்மா முதலில் தன் உச்சியைத் தடவினாள். பிறகு தனுஜாவின் உச்சியைத் தடவினாள். இந்தக் காதுப் பக்கத்திலிருந்து அந்தக் காதுப் பக்கம் வரைக்கும் விரல் மெதுவாகப் போய் வந்தது.

"அதே எடம்" என்றாள். "இத்தன வருசமா நீங்க நாலு பேருந்தான் எம் முடிய உறிஞ்சிட்டீங்கன்னு இருந்தேன்டா. ஒன்னயக்கூடத் திட்டிருக்கேன்" என்றாள் என்னிடம்.

கையில் இருந்த பட்டியைக் கீழே வைத்தேன்.

"ஒனக்கு ஒண்ணும் இல்லடி" என்றாள் அம்மா, தனுஜாவிடம். "நான்தான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். நாளைக்கு நானும் மலைக்கு வர்றேன். அத்தன பொம்பளைங்களையும் தலத்துணிய அவுக்கச் சொல்லணும்."

தனுஜா விம்மி அழுதாள். அம்மா அவள் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.