மூணு சொல்லாத மைக்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கிடைத்தது கழிப்பறை தேடிப் போன இடத்தில். கடற்கரைச் சாலையில் அந்த நேரத்தில் திறந்திருந்த ஒரே கதவு அது. மீனுக்கு ஐஸ் அடுக்கிவைத்த பழைய கிடங்கு. இப்போது இருநூறு நாற்காலி போட்ட பாட்டு அரங்கு. நான் வெளியே வரும்போது மேடையில் ஓர் அம்மாள் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒன்னு... ரெண்டு... ஒன்னு... ரெண்டு..."

மூணு வரவே இல்லை. அது என் மண்டையைக் குடைந்தது.

2

'அலைகள் அன்று' என்று தொடங்கி அடித்துவிட்டேன். அலைகளுக்கு இதில் வேலையில்லை. உப்புக் காற்றுக்கு உண்டு. மைக்குகளை அது துருப்பிடிக்க வைக்கும். தினமும் சாயங்காலம் ஒவ்வொன்றையும் துடைத்துப் பேசிப் பார்ப்பார் அந்த அம்மாள். அரங்கின் கோடியில் மிக்சர் முன்னால் உட்கார்ந்து ஒலியைச் சரிசெய்பவர் அவர் தம்பி, ஐம்பதைத் தாண்டியவர். யார் தயவும் இல்லாமல் இரண்டு பேருமாக நடத்தும் இடம். பாட வருகிறவர்கள் தம்பிக்கு வைத்த பட்டப்பெயர் 'காது'. (நான் வைத்ததல்ல. வைத்திருந்தால் இட்டுக்கட்டியது என்று நீங்கள் சிரிப்பீர்கள்.)

தம்பியிடமே கேட்டேன். "ஏன் மூணு சொல்றதில்ல?"

"மூணுன்னா வாத்தியக்காரங்க ஆரம்பிச்சிருவாங்க. ஒன்னு ரெண்டுன்னா இன்னும் சோதனைதான். எத வேணா மாத்திக்கலாம்."

எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? அதனால் மறுபடியும்

1

என்று போடுகிறேன்.

அப்போது ஸ்பீக்கர் கூவியது. மைக் அதற்கு நேரே போனால் எழுமே, அந்தக் கீச்சொலி. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். தம்பி அசையவே இல்லை.

"நல்லாருக்குக்கா. அப்படியே வச்சுக்கலாம்."

அக்கா தானே இரண்டடி தள்ளி நின்றார். சத்தம் அடங்கியது. பிறகு என்னைப் பார்த்தார்.

2

முதல் வரைவில் இங்கே அக்காவைக் கண்கலங்க வைத்திருந்தேன். பொய். எரிச்சலோடுதான் இறங்கி வந்தார். வாசல் பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்:

"ஒரு மாசமா நானே நகந்து நகந்து சமாளிக்கிறேன். அந்தக் கீச்சு மட்டும் அவனுக்கு விழல. இன்னைக்குப் பாட வர்ற பொண்ணு மேடை முழுக்க ஓடும். இருநூறு பேரும் காதப் பொத்துவாங்க. அதப் பாத்துதான் அவனுக்குத் தெரியணுமா?"

"நீங்களே சொல்லிடலாமே."

"இந்த இடத்த ஆரம்பிச்சதே அவன் காத நம்பி. எந்த வாயால சொல்றது? நீங்க வெளியாளு..."

(அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கவிடவில்லை.)

கீச்சு எழும்போது மிக்சரின் விளக்கு சிவப்பாவதைப் பார்த்துத் தம்பியே புரிந்துகொள்வதாக ஒரு முடிவு எழுதினேன். பாட வந்த பெண் நகராமல் நின்றே பாடிவிடுவதாக இன்னொன்று. இரண்டும் கோழைத்தனம். நடந்தது இன்னும் மோசம்: அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போயிருந்தது, ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

3

இது உங்களுக்கு. கூட்டத்துக்குக் கதவு திறக்க அரை மணி நேரம் இருக்கிறது. அக்கா மைக்கை நீட்டுகிறார், வாங்கி நான் சொல்லாததை நீங்கள் சொல்லுங்கள். சத்தம் போட வேண்டியதில்லை. பேச்செல்லாம் தம்பிக்கு நன்றாகவே கேட்கும்.