ரப்பர் சாக்ஸ்

"இழுக்காதீங்க சித்தப்பா, தோலு கையோட வந்துரும்" என்றாள் லீலா மேரி, அறை வாசலில் நின்றபடி.

அப்பாவின் வலது காலில் இருந்த ரப்பர் சாக்ஸோடு சித்தப்பா இருதயநாதன் கால் மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முழங்காலிலிருந்து வந்தது, குதிகாலில் நின்றுகொண்டு அசைய மறுத்தது. பிணத்தைக் குளிப்பாட்டக் கொல்லையில் வெந்நீர் தயாராக இருந்தது.

ஆரோக்கியசெல்வம் வாத்தியார் காலையில் காப்பி குடித்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்திருந்தார். சேதி கேட்டு மகள் லீலா தா.பழூரிலிருந்து பஸ் பிடித்து வர மத்தியானம் ஆகிவிட்டது.

அந்தச் சாக்ஸைப் பற்றி வரதராஜன்பேட்டையில் பேசாத வாய் இல்லை. வேட்டிக்குக் கீழே, சித்திரை வெயிலிலும், சதை நிறத்தில் இறுக்கமாக ஓர் உறை. வாத்தியாரைப் பாம்பு கடித்துவிட்டது என்றார்கள். வெள்ளைக்காரச் சாமியார் கொடுத்த சீமைச் சரக்கு என்றார்கள். முப்பத்தைந்து வருடம் நின்றே பாடம் நடத்தியதில் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு புண்ணாகி, திருச்சி டாக்டர் எழுதிக்கொடுத்தது அது. அந்தச் சப்பென்ற உண்மை யாருக்கும் ருசிக்கவில்லை.

லீலாவின் சந்தேகமே வேறு. இடுப்புப் பிடிப்பில், கீழே விழுந்த பேனாவைக்கூடக் குனிந்து எடுக்க முடியாத மனுஷர் இதை எப்படி மாட்டிக்கொண்டார்? இரண்டு வருடமாக, வரும்போதெல்லாம் கேட்டுப் பார்த்தாள். "மாட்டியாச்சுல்ல, வுடு" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் பெயராது.

அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? ஒரே மகன் மரிய செல்வத்தை, பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சாமியார் படிப்புக்கு அனுப்பிய நாளிலிருந்து, ஏழு வருடமாக சவரியம்மாள் புருஷனோடு பேசியதில்லை. சோற்றைப் போட்டுத் தட்டைத் தள்ளுவாள், அவ்வளவுதான். இன்றும் அழவில்லை. உள்ளறையில் ஜெபமாலையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மா மன்னிக்காமலேயே அப்பா போய்விட்டாரா என்ற ஒன்றுதான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் லீலாவை அரித்தது.

"கத்திரிக்கோலு கொண்டாம்மா, வெட்டிரலாம்" என்றார் இருதயநாதன்.

லீலா உள்ளே போய்க் கேட்டதும் சவரியம்மாள் எழுந்தாள். கத்திரிக்கோலைத் தேடாமல் நேராக அப்பாவைக் கிடத்தியிருந்த கட்டிலுக்கு வந்தாள்.

"தள்ளுங்க தம்பி."

"அண்ணி, ஆம்பளைங்க நாங்க பாத்துக்கறோம்..."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தை மடியில் எடுத்து வைத்தாள். உறையை இழுக்காமல், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிவிட்டாள். குதிகாலில் இரண்டு கட்டைவிரலையும் உள்ளே கொடுத்து லேசாக நெம்பினாள். வந்துவிட்டது. இருதயநாதன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"ஒனக்கு எப்புடிம்மா தெரியும்?" என்றாள் லீலா.

"தெனம் மாட்டிக் கழட்டுறவளுக்குத் தெரியாதா? காலையில படுக்கையில இருக்கறப்பவே மாட்டிறணும். தரையில கால வச்சிட்டா ரத்தம் எறங்கி வீங்கிரும். பொறவு ஏறாது."

இரண்டு வருடம், தினம் இரண்டு வேளை.

"அப்ப ரெண்டு பேரும் பேசிக்குவீங்களா?"

"இதுக்கு எதுக்குப் பேச்சு? நான் போயி நிப்பேன். அவரு கால நீட்டுவாரு."

இடது கால் உறையையும் கழற்றினாள். முழங்காலுக்குக் கீழே, உறையின் விளிம்பு அழுத்திய தடம் வளையமாகப் பதிந்திருந்தது. சவரியம்மாள் உள்ளங்கையால் அதைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, தண்ணி ஆறுது."

"இருங்க தம்பி. தேச்சா அஞ்சு நிமிசத்துல மறஞ்சிரும். அப்புடியே வுட்டா ராவெல்லாம் சொறிவாரு."

இருதயநாதன் லீலாவைப் பார்த்தார். லீலா கொல்லைக்குப் போய் அடுப்பில் இரண்டு விறகைத் தள்ளினாள். வெந்நீர் மறுபடி கொதித்து, அவள் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோதும் தடம் அப்படியேதான் இருந்தது. சவரியம்மாள் கை மாற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.